இருந்துட்டுப் போ

பாடுகிறவர்கள் பாட்டின் நடுவில் இழுக்கும் மூச்சுச் சத்தத்தை வெட்டியெறிவதுதான் ஒலிப்பதிவுக் கூடத்தில் அம்மாவின் வேலை. ஒன்று தப்பினாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் வீட்டில் மகள் ஒரு ஜப்பானியப் பாட்டைப் போட்டாள்.

“யாருடி இவ, இவ்வளவு சுத்தமா பாடுறா?”

“ஆளே இல்லம்மா. கம்ப்யூட்டர்ல செஞ்ச குரல்.”

“சரிதான், என் பொழப்புல மண்ணு” என்று அம்மா முணுமுணுக்கும்போதே, அடுத்த சரணத்துக்கு முன் அந்தக் குரல் மெல்ல மூச்சிழுத்தது.

“நுரையீரலே இல்லாததுக்கு மூச்சு எதுக்குடி?”

“பாட்டு செஞ்சவரு தேடிப் பிடிச்சு சேர்த்திருக்காரு. அப்பதான் உயிர் இருக்குமாம்.”



மறுநாள் கூடத்தில், ஒரு பாடகியின் முதல் மூச்சு கணினித் திரையின் ஒலிக்கோட்டில் சின்ன மேடாகத் தெரிந்தது. வெட்டப்போன கையை அம்மா இழுத்துக்கொண்டாள்.

“இருந்துட்டுப் போ” என்றாள்.