பொக்லைன் போட்ட கும்பிடு

ஒரு பொக்லைன் இயந்திரம் என் காலில் விழுந்து கும்பிட்டிருக்கிறது. மந்திரிகளுக்கே கிடைக்காத மரியாதை. பட்டப்பகலில், மைசூர் ஹெப்பாலில், என் வீட்டுக்கு எதிர் மனையில் நடந்தது. நம்பாதவர்கள் மெக்கானிக் நஞ்சுண்டசாமியைக் கேட்டுக்கொள்ளலாம். ஆறுமுகசாமியாகிய நான் சொல்வது எதையும் நம்புவதில்லை என்று விரதம் இருப்பவர் அவர்.

வண்டி கௌதள்ளிக்காரி மகேஸ்வரியுடையது. ஓட்டுவதும் அவள்தான். அவள் குழி தோண்ட, அவள் புருஷன் சென்னிமலை உள்ளே இறங்கிக் குழாய் பொருத்துவான். தலைக்கு மேலே வண்டியின் இரும்புக் கை நிற்கும். அந்தக் கையைத் தூக்குகிற சிலிண்டர், மடக்குகிற சிலிண்டர் இரண்டிலும் எண்ணெய் ஒழுகியது. ஒழுகியது என்றால், மைசூர் முழுவதற்கும் போண்டா பொரித்து, மிச்சத்தை மண்டியாவுக்கு அனுப்பலாம்.

நஞ்சுண்டசாமி காலையிலேயே வந்து இரண்டையும் கழற்றி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் புது சீல் போட்டு மாட்டிவிட்டார். மறுநாள் ரிங் ரோட்டில் வேலை. ஆளையே முழுங்கும் ஆழத்துக் குழி.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டயர் கம்பெனியில் பிரஸ் மெஷின்களோடு குடும்பம் நடத்தி ரிட்டயர் ஆனவன் நான். எங்கே எண்ணெய் ஒழுகினாலும் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டு கேட்டுக்கும் மனைக்கும் நடந்து நடந்து ரோட்டில் வாய்க்காலே விழுந்துவிட்டது.

"ரெண்டையும் தூக்கிக் கடாசு மகேஸ்வரி. புதுசு போடு," என்றேன்.

"சார், நீங்க மனேல போய் நித்ரே மாடுங்க," என்று கன்னடம் கலந்து என்னை வீட்டுக்குத் தூங்க அனுப்பினார் நஞ்சுண்டசாமி. "சீல் மாத்தியாச்சு. புது சிலிண்டர் வர்ற வரைக்கும் இவங்க அடுப்பு எரிய வேண்டாமா?"

மகேஸ்வரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கான்ட்ராக்டரு போன் மேல போன் போடறாருங்கய்யா. நாளைக்குப் போகலீன்னா வேற வண்டியக் கூப்புட்டுருவாருங்க. ஆனா கீழ நிக்கறது எங்கூட்டுக்காரருங்களே."

அந்த எங்கூட்டுக்காரர் சென்னிமலை பீடியைப் பற்றவைத்தான், அணைத்தான், மறுபடி பற்றவைத்தான்.

"கையை உசரத் தூக்கி நிறுத்தி இஞ்சினை அணைச்சிரு. சும்மா பார்ப்போம்," என்றேன். வாளி இறங்கினால் எங்கே வந்து தொடும் என்று கண்ணாலேயே அளந்து, அதற்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கண்ணளவில் என்னை மிஞ்ச கர்நாடகத்திலேயே ஆளில்லை.

"சாமுண்டி மலை மாதிரி நிக்குது பாருங்க சார்," என்று சிரித்தார் நஞ்சுண்டசாமி.

நின்றது. மகேஸ்வரியின் போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. கை நகர்வதை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் வாளிக்குப் பின்னால் முழுசாகத் தெரிந்த தண்ணீர்த் தொட்டி எப்படியோ பாதி மறைந்திருந்தது. மகேஸ்வரி எழுந்துவிட்டாள். என்னை மட்டும் பெருமை எழவிடவில்லை.

"ஏனுங்க, கண்ணு அவிஞ்சு போச்சா உங்களுக்கு?" காப்பி கொண்டுவந்த என் மனைவி ராணி, தம்ளரைப் போட்டுவிட்டு நாற்காலியை என்னோடு சேர்த்துப் பின்னால் இழுத்தாள். நான் வந்துவிட்டேன். என் செருப்பு வரவில்லை. வாளி மெல்லக் குனிந்து, பற்களால் அதைத் தொட்டு, அப்படியே கிடந்தது.

சென்னிமலை தன் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

நஞ்சுண்டசாமி போய், சிலிண்டருக்குள் போய்வரும் பளபளப்பான தண்டைத் துடைத்து நகத்தை ஓட்டினார். தூக்குகிற சிலிண்டரில் நகம் ஒரு கீறலில் மாட்டியது. அந்தக் கீறல் இருக்கும்வரை எந்த சீலும் நிற்காது. மடக்குகிறதில் கீறலே இல்லை, நகம் வழுக்கிக்கொண்டு போனது.

"தூக்கறது புதுசு. மடக்கறது இந்த சீலோடயே இருக்கட்டும்," என்றாள் மகேஸ்வரி. "ஐயா சொன்னதுல பாதி, அண்ணன் சொன்னதுல பாதி." பிறகு போனை எடுத்தாள். "நாளைக்கு வண்டி வராதுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க."

போன வாரம் டீக்கடையில் இதைச் சொல்லும்போது, வாளி மூன்று முறை விழுந்து எழுந்து ஆசி கேட்டதாகக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். கடையே சிரித்தது. மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த நஞ்சுண்டசாமியை யாரோ கேட்டார்கள்: "நீங்க சொல்லுங்க, நடந்துச்சா?"

அப்போது ரோட்டில் மகேஸ்வரியின் வண்டி புது சிலிண்டரோடு போயிற்று. சென்னிமலை பக்கத்தில் தொற்றிக்கொண்டு எங்களுக்குக் கையாட்டினான். அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் நஞ்சுண்டசாமி.

"மூணு தடவைங்கறது சுள்ளு, சுத்தப் பொய். கால்ங்கறதும் சுள்ளு, வெறும் செருப்பு," என்றார். டீயை ஒரே மடக்கில் முடித்தார். "ஆனா கும்பிட்டது ஹௌது, நெசந்தான். நானே பார்த்தேன்."