பஞ்சநாதன் அண்ணனின் மேல்வரிசைப் பல்

எங்கள் டிரைவர் பஞ்சநாதன் அண்ணனுக்கு வலது பக்க மேல்வரிசையில் பல்வலி வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. வலி அவருக்கு, அவதி எனக்கு. அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவர் "அய்யோ" என்று கத்துவார். டிரைவருக்கு நெஞ்சுவலியோ என்று பயணிகள் பதறி எழுந்துவிடுவார்கள். நான் டிக்கெட் கிழிப்பேனா, ஆளாளுக்கு ஆறுதல் சொல்வேனா?

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்ணே" என்றேன்.

"மேல்பல்லுடா கருப்பண்ணா. மேல்பல்லப் புடுங்குனா கண்ணு போயிடும். எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் போச்சு."

அந்தப் பெரியப்பாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. பல் போவதற்கு முன்பே இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. இதைச் சொன்னால் அண்ணன் கேட்கிற ஆளா?

அவருடைய பயத்துக்கும் காரணம் இருந்தது. அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கண் பரிசோதனை உண்டு. இருபத்திரண்டு வருஷமாக ஸ்டீயரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்தறியாத மனிதர்.

"பல்லு இல்லாட்டி கஞ்சி குடிச்சுக்கலாம். கண்ணு இல்லாட்டி அந்தக் கஞ்சியும் இல்ல" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஆகவே கைவைத்தியம் நடந்தது. கிராம்பு வைத்தார். உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். டீக்கடையில் எவனோ ஒருவன் முந்திரிக்கொட்டை எண்ணெயைத் தடவினால் பல் பூச்சி செத்துவிடும் என்று சொல்லியிருக்கிறான். எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டைக்கா பஞ்சம்? கொட்டை உடைக்கிற பெண்கள் எல்லாரும் அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் வலி வந்துவிட்டால் தெரிந்தது எதுவும் ஞாபகத்துக்கு வராது போலிருக்கிறது.

மறுநாள் காலையில் உதடு வெந்து, வீங்கி, முகமே வேறு யாரோ மாதிரி வந்து நின்றார். தினமும் ஏறுகிற டீச்சர் ஒருவர், "புது டிரைவரா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! மதிய நடை முடிந்து வண்டி ஜெயங்கொண்டத்தில் நின்றதும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பல் டாக்டர் ஹேமலதாவின் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

உதட்டைப் பார்த்து டாக்டர் முதலில் நன்றாகத் திட்டினார். என்னையும் சேர்த்துத்தான். பிறகு குளிர்ந்த பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்த்தார். மேல்வரிசையில் வைத்தபோது அண்ணன் சும்மா இருந்தார். கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்லில் வைத்ததும் நாற்காலியோடு துள்ளினார்.

"கீழ்ப்பல்லுதான்ங்க. வேர் வரைக்கும் விரிசல் ஓடியிருக்கு. பல்லால பாட்டில் மூடி திறப்பீங்களோ?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: "மூடி, கயித்து முடிச்சு எல்லாம் திறப்பாரு டாக்டர். ஒரு தடவ நட்டு ஒண்ணு கழட்டினாரு."

"பல்லு மேல இருக்கிற எனாமல்தான் நம்ம உடம்புலேயே கெட்டியான பொருள். எலும்பவிட கெட்டி. ஆனா எலும்பு உடைஞ்சா ஒட்டிக்கும், எனாமல் போனா திரும்ப வளராது. இந்தப் பல்லக் காப்பாத்த முடியாது, எடுத்துடணும்."

"ஆனா மேலதானுங்களே வலிக்குது?"

"ஒரே நரம்புதான் மூணாப் பிரியுது. ஒண்ணு நெத்திக்கும் கண்ணு பக்கமும், ஒண்ணு மேல்தாடைக்கு, ஒண்ணு கீழ்தாடைக்கு. அதனால எந்த எடத்துல வலிக்குதுன்னு சில நேரம் மூளையே குழம்பிடும்."

"பாத்தியாடா! கண்ணு பக்கம் போவுதாம்!"

"அது வலிக்கான நரம்பு. பார்வைக்கு வேற நரம்பு இருக்கு. மேல்பல்ல எடுத்தாக்கூட கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

இதெல்லாம் அண்ணன் காதில் ஏறவில்லை. கீழ்ப்பல் என்ற ஒரு சொல் மட்டும்தான் ஏறியது. "கீழ்ப்பல்லுன்னா புடுங்குங்க டாக்டர், இப்பவே புடுங்குங்க" என்று வாயை அகலத் திறந்தார்.

அரை மணி நேரத்தில் பல் வெளியே வந்துவிட்டது. வாயில் பஞ்சைக் கடித்தபடி அண்ணன் வாசலுக்கு வந்தார். ஒரு கண்ணை மூடி எதிர்ச்சாரியில் இருந்த உரக்கடைப் பலகையைப் பார்த்தார். அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. விறுவிறுவென்று உள்ளே திரும்பினார். வாய் மரத்திருந்ததால் பேச வரவில்லை. என் பையிலிருந்து ஒரு டிக்கெட்டைப் பிடுங்கி அதன் பின்னால் எழுதி டாக்டரிடம் நீட்டினார்: 'மேல்பல்லை எடுத்துவிட்டீர்கள். கண் போய்விட்டது. எதிர்க்கடை போர்டு தெரியவில்லை.'

டாக்டர் கோபப்படவில்லை. தட்டில் கிடந்த பல்லை எடுத்துக் காட்டினார்.

"மேல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூணு வேர் இருக்கும். கீழ்ப்பல்லுக்கு ரெண்டு. நீங்களே எண்ணிப் பாருங்க."

அண்ணன் எண்ணினார். இரண்டுதான். நம்பாமல் என்னிடம் கொடுத்தார். நானும் எண்ணினேன். பிறகு டாக்டர் கண்ணாடி காட்டி மேல்வரிசைப் பற்களையும் எண்ண வைத்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.

"அப்ப இவருக்கு ஏன் போர்டு தெரியல? இதுக்கு முன்னாடி தெரிஞ்சுதா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரே வண்டி வந்தால் அண்ணன் பழகிய டிரைவருக்குக் கை தூக்குவார். ஆறு மாதமாக எல்லாருக்கும் தூக்கிக்கொண்டிருந்தார். சிமெண்ட் லாரிக்கும் தூக்கினார், கரும்பு டிராக்டருக்கும் தூக்கினார். மனுஷனுக்கு வயதாக ஆக மரியாதை கூடிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். "முன்னாடி போறது யாரு வண்டிடா?" என்று அடிக்கடி கேட்டதையும் பேச்சுத் துணைக்குக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சொன்னால் அண்ணன் பிழைப்புப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் ஐம்பது பேரோடு நானும் அதே வண்டியில்தான் போக வேண்டும். அதைவிடப் பயமாக இருந்தது.

"இவரு ஆறு மாசமா டிராக்டருக்கெல்லாம் கை தூக்குறாரு டாக்டர்" என்றேன்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். டிக்கெட்டில் மிச்சமிருந்த இடத்தில் 'எனக்கும் சந்தேகம்தான், பயந்து கேட்கவில்லை' என்று எழுதினார். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்ணாடி போட்டு வண்டி ஓட்டலாம்ங்க. லைசென்ஸும் குடுப்பாங்க. இன்னிக்கே கண் டாக்டரப் பாருங்க" என்றார் ஹேமலதா.

நான் ஓனருக்குப் போன் போட்டேன். மிச்ச நடைகளை மாற்று டிரைவர் ஓட்டினார். கண்ணாடி வரும்வரை அண்ணனை நான் வண்டிப்பக்கமே விடவில்லை. பரிசோதனையில் பாஸானார். ஓனரும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடியோடு முதல் நாள் ஓட்டும்போது அவருக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் இருக்கிற கடைப் பெயர், கல்யாண பேனர் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். எதிரே வந்த வண்டிகளைக் கண் சுருக்காமல் பார்த்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் கை தூக்கினார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

நாலாம் நாள் உடையார்பாளையம் நிறுத்தத்தில் ஒருவர் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். ஏறவில்லை. நேராக டிரைவர் ஜன்னலுக்கு வந்தார். கொளஞ்சி என்று பெயராம், கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர்.

"ஆறு மாசமா டெய்லி எனக்குக் கை தூக்குவீங்க. பஸ் டிரைவரு நம்மளையும் மதிக்கிறாருன்னு வூட்ல போயி சொல்லி வச்சிருக்கேன். இப்ப நாலு நாளா மொகத்தத் திருப்பிட்டுப் போறீங்க. ஏண்ணே, கண்ணாடி போட்டதும் ஆளு தெரியலியா?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டிக்கெட் கட்டைப் பார்த்தேன். அவர் பல் போன இடம் தெரிய வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு கொளஞ்சியை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார்.

"இப்பத்தாம்பா தெரியுது" என்றார்.

அன்றிலிருந்து அந்த டிராக்டருக்கு மட்டும் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுக் கை தூக்குகிறார்.