பச்சை பிஸ்கட்டும் முதல் குடமும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் வீட்டு பிரஷர் குக்கரின் மூடிமேல் வலது கையை வைத்து, அது நன்றாக ஆறிய பிறகுதான் வைத்தேன், சத்தியம் செய்கிறேன். என் பெயர் உத்தமன். பெயர் வைத்தவர்கள் யோசிக்காமலா வைத்திருப்பார்கள்?

தொண்ணூற்றெட்டாம் வருடம் நாங்கள் பிரேசர் டவுனில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். உள்ளே மூன்று வீடுகள். நடுவில் வீட்டுச் சொந்தக்காரி சந்திரம்மா, கன்னடம் கலந்த தமிழ் பேசுபவர். இடப்பக்கம் நான், என் மனைவி அம்புஜம், மகன் பாலகுமார். வலப்பக்கம் டோரீன். டோரீன் கண்டோன்மென்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுப்பவள். தமிழையும் பியானோ மாதிரி இரண்டு கையாலும்தான் பேசுவாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரே குழாய். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் காவிரித் தண்ணீர் வரும். வரும் என்றால், எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். முதலில் பிடிப்பவருக்குக் காவிரி, அடுத்துப் பிடிப்பவருக்குக் காற்று. சந்திரம்மாவுக்கு மொட்டைமாடியில் தனித் தொட்டி இருந்தது. ஆகையால் இந்த வழக்கில் அவர்தான் நீதிபதி.

முறையையும் அவரே வகுத்திருந்தார். ஜனவரிப் புத்தாண்டு காலையில் இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு பலகாரத் தட்டு வர வேண்டும். எது ருசியோ அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க முதல் குடம். மேல்முறையீடு கிடையாது.

நாங்கள் குடிவந்த நாளிலிருந்து டோரீன்தான் ஜெயித்தாள். ஆடி மாதமே திராட்சையை ரம்மில் ஊறப்போட்டுவிடுவாள். அந்தக் கேக்கில் ஒரு துண்டு உள்ளே போனதும் சந்திரம்மாவுக்கு உலகத்தில் எல்லாரையும் பிடித்துப்போகும். டோரீனைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அம்புஜம் அதிரசம் சுட்டுப் பார்த்தாள், ரவா லட்டு பிடித்துப் பார்த்தாள். ஒரு வருடம் மைசூர்பாகு கிளறிக் கொண்டுபோனாள். சந்திரம்மா அதை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“அம்புஜம், நான் பொறந்ததே மைசூர்ல. எனக்கே மைசூர்பாக்கா? பர்வாகில்லா, இருக்கட்டும். மாடி கட்டும்போது சொல்லி அனுப்பறேன்.”

ஆகவே, டோரீனின் நீல டிரம் நிரம்பி, வாளிகள் நிரம்பி, அவளுடைய நாயும் குளித்து முடித்த பிறகு அம்புஜம் போய்க் குடத்தை வைப்பாள். குழாய் ஒரு பெருமூச்சு விடும். பிறகு அவள் தெருக்கோடிக் கைப்பம்புக்கு நடந்துபோய் இடுப்பில் சுமந்து வருவாள். அந்த வருடக் கடைசியில் டாக்டர், இனி இடுப்பில் குடம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் சுமக்கவில்லையா என்று கேட்பீர்கள். சுமந்தேன். வீடு வந்து சேரும்போது தண்ணீர் என் வேட்டியில் இருக்கும்.

“இந்தத் தடவையும் மொதக் குடம் வரலைன்னா வீட்டைக் காலி பண்ணிடலாங்க” என்றாள் அம்புஜம். சொன்னால் செய்கிறவள்.

பாலகுமாருக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே இயந்திரம் பூட்ட வந்திருந்த ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்பும்போது அவன் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். திறந்தால் கண்ணைப் பறிக்கிற பச்சையில் ஒரு பொடி.

“கிரீன் டீம்மா. இதுல செஞ்ச பிஸ்கட் ஒண்ணு குடுத்தாரு. என்னா டேஸ்ட்டு தெரியுமா!”

“எப்படிச் செய்யறதுன்னு கேட்டியாடா?”

“கேட்டேனே. எல்லாம் வெவரமா சொன்னாரு. ஜப்பான் பாஷைல.”

அம்புஜம் பொடியை முகர்ந்தாள். “காபியோ டீயோ, மொதல்ல டிகாஷன் எறக்கணும். இதுக்கு ஜப்பான்காரன் வந்து சொல்லணுமா?”

பித்தளை ஃபில்டரை எடுத்தாள். மேலடுக்கில் பச்சைப் பொடியைக் கொட்டி அமுக்கி, வெந்நீரை ஊற்றி மூடினாள். காத்திருந்தோம். அந்தப் பொடி முகத்துக்குப் போடும் பவுடரைவிட மெல்லியது. ஓட்டைகளை எல்லாம் அடைத்துக்கொண்டு குடித்தனம் வைத்துவிட்டது. கரண்டிக் காம்பால் தட்டினாள். நான் வாய் வைத்து ஊதினேன், என் காதுதான் அடைத்தது. பாலகுமார் ஃபில்டரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, பள்ளமாகப் பார்த்து ஓட்டி, காக்ஸ் டவுன் வரை போய்த் திரும்பினான். அடிப்பாத்திரத்தைக் கழற்றிப் பார்த்தோம். ஒரே ஒரு சொட்டு இருந்தது. அது எங்களைப் பார்த்தது.

மேலே நின்றது பச்சை விழுது. அந்த நேரம் பார்த்து ஜன்னலில் டோரீன் தலை தெரிந்தது.

“என்னா அம்புஜம், யாருக்குக் கல்யாணம்? மெஹந்தி அரைக்கிறே?”

“உன் நீல டிரம்முக்குத்தான் டோரீன். இத்தினி வருஷமா கொழாயடியிலயே குந்தியிருக்கே, புருஷன் வீட்டுக்கு அனுப்ப வேணாமா?”

“பார்க்கலாம் மேன், பார்க்கலாம்!” இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே போனாள்.

“டிகாஷன் எறங்கலைன்னா சக்கையே போவட்டும்” என்று அம்புஜம் விழுதை வழித்து, நெய் பிஸ்கட்டுக்குப் பிசைகிற மாதிரியே வெண்ணெய், சர்க்கரைத் தூள், மைதாவோடு போட்டுப் பிசைந்தாள். மாவு ஏறிய பச்சையைப் பார்த்துத் தெருவில் போன மாடு ஒன்று ஜன்னலுக்குள் தலையை நீட்டி, மேயலாமா என்று கண்ணால் கேட்டது. கேட்டுவிட்டு மேய்கிற மாடு பிரேசர் டவுனில்தான் உண்டு.

எங்களிடம் ஓவன் கிடையாது. குக்கர் உண்டு. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தட்டை வைத்து மூடினால் அதுவே ஓவன். மணலுக்குப் பஞ்சமில்லை. எதிரே அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. நான் இரண்டு சட்டி அள்ளி வந்து சலித்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில் மேஸ்திரி சண்டைக்கு வந்தார். வாசலில் கால் வைத்ததும் வாசனை அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பிப் போனவர், ஒரு மாட்டுவண்டி மணலைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, “பத்தலைன்னா சிமென்ட்டும் தர்றேம்மா” என்றார்.

சாயங்காலம் வெந்த பிஸ்கட்டுகளைப் பெரிய தட்டில் அடுக்கி, ஆறுவதற்காகக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தோம். உடனே கரண்ட் போனது. மூலைச் சந்திப்பின் சிக்னலும் அணைந்தது. நான்கு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன, ஒருவருக்கும் வழி தெரியவில்லை. அப்போது யாரோ ஒரு பஸ் டிரைவர் எங்கள் சுவரைப் பார்த்தார். பச்சை. புறப்பட்டுவிட்டார். அவர் பின்னால் எல்லா வண்டிகளும் புறப்பட்டன.

காக்கை வரப்போகிறதே என்று அம்புஜம் தன் சிவப்புத் துணியைத் தட்டின்மேல் போர்த்தினாள். அத்தனை வண்டியும் கிறீச்சென்று நின்றன. போக்குவரத்துக் காவலர் ஓடிவந்தார்.

“அம்மா, அந்தப் பக்கமும் ஒரு தட்டு வெச்சீங்கன்னா நான் வீட்டுக்குப் போய்டுவேன்.”

ஒரு பிஸ்கட் கொடுத்தோம். மென்றார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

நின்ற வண்டிகளில் ஓர் ஆட்டோ. அதில் டோரீன். மடியில் கேக். அந்தப் பக்கத்தில் பலர் செய்வதுபோல அவளும் மாவைக் கலந்து, டின்னில் ஊற்றி, பெயர்ச்சீட்டோடு பேக்கரிக்கு எடுத்துப்போய் அவர்கள் விறகு அடுப்பில் சுட்டு வாங்குவாள். அம்புஜம் துணியை விலக்கும்வரை ஆட்டோ அசையவில்லை.

“துணியை எடு மேன்! எவ்ளோ நேரம் ரெட்லயே நிப்பேன்?” என்று ஆட்டோவிலிருந்தே கத்தினாள்.

மறுநாள் புத்தாண்டு. சந்திரம்மா பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் நாற்காலி போட்டு, ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். மூட்டுவலிக்காரர். அந்த நாற்காலியிலிருந்து அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். முதலில் கேக். சாப்பிட்டார். உலகத்தின்மேல் அன்பு பொங்கியது. வழக்கம்போல டோரீனைப் பார்த்துச் சிரித்தார். டோரீன் வழக்கம்போலக் குழாயைப் பார்த்தாள். அம்புஜம் தன் தட்டை நீட்டினாள்.

“ஏனம்மா இது? பாசி புடிச்சிருக்கா?”

“கிரீன் டீ பிஸ்கட்டு, ஓனரம்மா.”

“டீல முக்கற பிஸ்கட்டு தெரியும். டீயே பிஸ்கட்டா?”

கடித்தார். மரத்தில் அணில்கூட அசையவில்லை. இன்னொன்று எடுத்தார்.

“சந்திரம்மா, கேக் இன்னொரு பீஸ்?” என்றாள் டோரீன்.

சந்திரம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

“கசக்குது” என்றார்.

அம்புஜம் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் மனத்துக்குள் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

“இரு. கசந்துட்டு அப்புறமா இனிக்குது. போச்சுன்னு நெனைச்சா நாக்குலயே நிக்குது. அய்யோ தேவரே... அப்படியே எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கும்மா.” போய்ச் சேர்ந்த கணவரை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்றாவதையும் எடுத்தார். “மொதக் குடம் அம்புஜத்துக்கு. இந்த வருஷத்துக்கு மட்டும் இல்லே. நான் இருக்கற வரைக்கும்!”

சொல்லிவிட்டு எழுந்தார். ஒருவரும் கைகொடுக்கவில்லை. தானாக எழுந்து, விறுவிறுவென்று நடந்து, குழாயைத் திருகினார். அன்று தண்ணீர் வரும் நாளே இல்லை. ஆனால் வந்தது. குடம் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும் அளவுக்கு வந்தது. அம்புஜத்தின் குடம் நிறைந்தது, அண்டா நிறைந்தது, குக்கர் நிறைந்தது. வழித்ததுபோக ஓட்டைகளில் பச்சை ஒட்டியிருந்த ஃபில்டரைக் காட்டினாள். அந்த வேகத்தில், முந்தின நாள் இறங்க மறுத்த டிகாஷன் கடகடவென்று இறங்கியது.

டோரீன் நின்று பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். இரண்டு கையும் ஆடாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“அம்புஜம், ரெசிபி குடு.”

“மொதல்ல ஃபில்டர்ல டிகாஷன் எறக்கணும்.”

“எவ்ளோ நேரத்துல எறங்கும்?”

“எறங்காது. அதான் ரகசியம். உன் டிரம்மைக் கொண்டா, நெறையக் கெடக்கு தண்ணி.”

முதல் குடத்தை அம்புஜம் இடுப்பில் ஏற்றவில்லை. குழாயடியிலிருந்து எங்கள் வாசற்படிவரை நான்தான் தூக்கிப்போய் வைத்தேன், ஒரு சொட்டுச் சிந்தாமல். படியில் நின்று அவள் அந்தக் குடத்தைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

குக்கர் மூடிமேல் கை வைத்தபோது ஒன்றை மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று: அந்தக் காம்பவுண்டில் குழாயே கிடையாது; மூன்று வீட்டுக்கும் கிணற்றுத் தண்ணீர், ஆளுக்கொரு மோட்டார்.