ஊட்டிக் குளிரில் இழுத்த பிரேக்

கார் வாங்கிய மனுஷன், கார் அழுக்காகிவிடும் என்று ரயிலில் போவதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சூலூர் பொங்கியண்ணக் கவுண்டர் அப்படித்தான். பருத்தி வியாபாரத்துக்குத் திருப்பூர் போக வேண்டுமென்றால், புழுதி ரோட்டை நினைத்தே முகம் சுளிப்பார். கார் கொட்டகையில் நிற்கும். அவர் மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குப் போவார். இந்த அழகில் அந்தக் காருக்கு ஒரு டிரைவர் வேறு. கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரன், அப்துல் முத்தலிப். பெண்டாட்டி உம்மல் குல்சும், இரண்டு பிள்ளைகள், கண் தெரியாத அம்மா, இத்தனை பேரும் அவன் கையை நம்பித்தான் இருந்தார்கள்.

நாள் முழுக்கக் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தால் அவனுக்கும் சலிக்காதா? அதே சலிப்பு கவுண்டரின் மனைவி ராசாத்தாளுக்கும் இருந்தது. ஒருநாள் கொட்டகை வாசலில் நின்று கேட்டாள்.

"ஏன் முத்தலிப்பு, இதை ஓட்டறது அத்தனை செரமமா?"

"செரமமெல்லாம் இல்லீங்க அம்மணி. பயமில்லாம இருந்தாப் போதுமுங்க."

"எனக்கென்ன பயம்?"

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு கவுண்டர் திருப்பூர் போகும் நாளெல்லாம், தென்னந்தோப்புக்குள் போகும் வண்டித் தடத்தில் ராசாத்தாள் கார் ஓட்டினாள். முத்தலிப் அவள் பக்கத்தில் உட்காரவே மாட்டான். அது மரியாதையில்லை என்று வெளியே கால்பலகையில் தொற்றிக்கொண்டு, ஜன்னல் வழியாகத்தான் சொல்லிக்கொடுப்பான். அவன் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்றுதான்.

"வண்டி நின்னுச்சுன்னா மொதல்ல கைபிரேக்குங்க. அப்பறம்தான் மூச்சே உடோணும்."

இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் தப்பில்லை என்று வெளியே சொல்லவும் முடியாது. பெண்டாட்டி டிரைவரிடம் கார் பழகுகிறாள் என்று தெரிந்தால் கவுண்டர் என்ன செய்வார் என்பது இருக்கட்டும், ஊர் என்ன பேசும்? முப்பத்தாறாம் வருஷத்து ஊர் அது. நாக்குக்கு வேறு வேலை வேண்டாமா? அதனால் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தை மாதத்தில் அன்னூரில் காதுகுத்து வைத்திருந்தார்கள். கவுண்டரின் அக்கா பழனியாத்தாளுக்கு வெகு காலம் கழித்துப் பிறந்த ஒரே பையன். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துவார்கள்? அந்த மடியில் வைக்க ஒரு பிள்ளை வேண்டுமென்று பழனியாத்தாள் எத்தனையோ கோயிலில் வேண்டியிருந்தாள். கவுண்டரும் தங்கத்தில் தோடு செய்து, பட்டு எடுத்து, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருடைய பெரியப்பன் மகன் சென்னிமலையின் காதிலும் விழும்படி ஆள் மூலம் சொல்லி வைத்தார். கிணற்றுத் தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்று வெகு நாளாகியிருந்தது.

இதற்கு நடுவில் ராசாத்தாளுக்கு ஓர் ஆசை வந்தது.

"இத்தாப் பெரிய கார் வெச்சிருக்கறீங்க, ஊட்டி கெழக்கால இருக்குதா மேக்கால இருக்குதான்னுகூட எனக்குத் தெரியாதுங்க. போயிட்டு அப்படியே அன்னூருக்கு எறங்கிரலாமுங்க."

கவுண்டர் மறுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை. காதுகுத்துக்கு முந்தின நாள் மூன்று பேரும் மலையேறினார்கள். தோடும் பட்டும் அவள் மடியிலிருந்த பெட்டியில் இருந்தன. உருளைக்கிழங்கு மண்டிக்காரர் ஒருவரின் வீடு ஊட்டிச் சரிவில் இருந்தது. அங்கே தங்கிவிட்டு, விடியும் முன்பே கிளம்பி காலை முகூர்த்தத்துக்கு நேராக அன்னூர் போய்ச் சேருவதாக ஏற்பாடு.

மலை ரோட்டில் காரெல்லாம் சேறு. அக்கா வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிற காரல்லவா, சேறோடு நிற்கலாமா? வந்திறங்கிய சாயங்காலமே கழுவச் சொன்னார் கவுண்டர். விரல் விறைக்க விறைக்க முத்தலிப் சக்கரம்வரை கழுவினான். பிறகு வண்டியைக் கியரில் விட்டு, நாலு சக்கரத்துக்கும் கல்லை அண்டக் கொடுத்தான்.

"கைபிரேக் போடலீங்க எசமான். ஈரத்தோட இழுத்து உட்டா இந்தக் குளுருக்கு உள்ளயே ஒறஞ்சு புடிச்சுக்கும். கல்லுப் போதுமுங்க" என்று கவுண்டரிடம் சொல்லிவிட்டு, கை காயவைக்க அடுப்படிப் பக்கம் போனான்.

அப்போது ராசாத்தாள் வீட்டுக்குள் இருந்தாள். இதை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, சால்வையை எடுக்கக் காருக்கு வந்தாள். பழகிய கண் சும்மா இருக்குமா? பிரேக் கம்பி கீழே கிடந்தது. காருக்கு முன்னால் சரிவு. சரிவுக்குக் கீழே ஓட்டு வீடுகள், ஒரு வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அவளுக்குத் திக்கென்றது. அந்த மங்கலில் சக்கரத்துக் கல் அவள் கண்ணில் படவில்லை. அடப்பாவி, எனக்கு அத்தனை தடவை சொல்லிவிட்டு நீயே மறந்துவிட்டாயா என்று நினைத்தாள். கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் வாசலிலேயே கவுண்டர் நிற்கிறார். கைபிரேக் என்ற வார்த்தை உனக்கு எப்படித் தெரியும் என்பாரே! சால்வையை எடுக்கிற சாக்கில் உள்ளே குனிந்து, இரண்டு கையாலும் கம்பியை இழுத்தாள். கடகடவென்று ஏறி நின்றது. நாளைக்கு ஆள் இல்லாத சமயம் பார்த்து அவனைக் கேலி செய்ய வேண்டும் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். சந்தோஷமாகவே தூங்கினாள், மகராசி.

விடியும் முன்பு வெளியே வந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல் வெளுத்திருந்தது. முத்தலிப் கல்லை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். எஞ்சின் உறுமியது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடியும் அதே. அப்புறம்தான் அவன் கீழே பார்த்தான். பிரேக் கம்பி மேலே நின்றுகொண்டிருந்தது. அதைத் தணித்தான். கம்பி இறங்கியது, சக்கரம் அசையவில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றார் கவுண்டர்.

"பிரேக் ஒறஞ்சு புடிச்சுக்கிச்சுங்க."

"பிரேக் போடக் கூடாதுன்னு நேத்து நீதானே சொன்னே? அப்பறம் யாரு இழுத்தது?"

முத்தலிப் பின்னால் திரும்பி ராசாத்தாளைப் பார்த்தான். ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"நாந்தானுங்க எசமான். கைப்பழக்கத்துல இழுத்துப்போட்டனுங்க."

கவுண்டர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. வெந்நீர் காய்ச்சி ஊற்றினார்கள். மண்டிக்காரர் வீட்டு ஆட்கள் தள்ளினார்கள். முத்தலிப் ஈரத் தரையில் படுத்துச் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே இருந்ததில் கைமுட்டி கிழிந்து ரத்தம் வந்தது. ரயிலுக்குப் போனாலும் மேட்டுப்பாளையத்துக்கே மத்தியானமாகிவிடும். வெயில் வந்து சக்கரத்தில் விழுந்த பிறகுதான், படீரென்று ஒரு சத்தத்தோடு வண்டி விட்டுக்கொடுத்தது.

இறங்கும் வழியெல்லாம் கவுண்டர் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். ராசாத்தாள் ஒவ்வொரு வளைவிலும், இந்த வளைவு தாண்டியதும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள். வளைவுக்கா அந்த ரோட்டில் பஞ்சம்? குன்னூர் போனது, பர்லியார் போனது, வெயில் உறைக்க ஆரம்பித்து மேட்டுப்பாளையமும் வந்துவிட்டது. அவள் வாயே திறக்கவில்லை. முத்தலிப்பின் கைமுட்டியில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்ப்பாள், பார்வையை வெளியே திருப்பிக்கொள்வாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்னூரில் மேளக்காரர்கள் மேளத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தலில் இரண்டாம் பந்தி நடந்தது. சென்னிமலை மார்பெல்லாம் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் முறைக்கு அவன் மடியிலேயே வைத்து, இரவல் தோட்டைப் போட்டுக் காது குத்தியாகிவிட்டது.

பழனியாத்தாள் தம்பியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"நல்ல நேரம் முடியறவரைக்கும் ரோட்டையே பாத்துட்டு நின்னேன் சாமி. நீ ஊட்டியில குளுரு காஞ்சுட்டிருந்தியாக்கும். எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு இல்லேன்னு நெனச்சுக்கறேன். தோட்டை எடுத்துட்டுப் போயிரு."

"அக்கா, நான் என்ன செய்யட்டும்? எல்லாம் இந்தப் பயலால வந்தது!" கவுண்டர் அத்தனை பேர் முன்னாலும் முத்தலிப்பைக் கை காட்டினார். "பிரேக்கை இழுத்து உட்டு என் மானத்தை வாங்கிட்டான். டேய், சாவிய வெச்சுட்டுப் போயிரு. இனி என் கண்ணுலயே முழிக்காதே."

முத்தலிப் சாவியைப் பந்தல் பலகைமேல் வைத்தான். காரிலிருந்த தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டான். கோட்டைமேட்டில் உலை வைக்கக் காத்திருக்கும் உம்மல் குல்சுமை ராசாத்தாள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ரம்ஜானுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க, முத்தலிப்பு இல்லீங்க. நாந்தான் இழுத்தேன்."

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். கவுண்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நீயா? உனக்குப் பிரேக்கு எது, ஆரனு எதுன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க."

"யாரு சொல்லிக் குடுத்தாங்களாம்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேள்வி அதுதான். காரில் ஏறி உட்கார்ந்து பந்தலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும், அத்தனை பேரும் நம்பிவிடுவார்கள். அப்புறம்? எங்கே பழகினாய், எப்போது பழகினாய், புருஷன் ஊரில் இல்லாதபோதா என்பார்கள். முத்தலிப் வேலையை மட்டுமா இழப்பான்? முழு எலும்போடு கோட்டைமேடு போய்ச் சேருவானா? ராசாத்தாள் அவனுக்காகத்தான் தயங்கினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் தன்னை நினைத்தும் பயந்தாள். பாதிக்குமேல் அந்தப் பயம்தான்.

"அம்மணிக்கு வண்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க எசமான்" என்றான் முத்தலிப். "எங்கூட்டு நெலமையை நெனச்சு எரக்கப்பட்டுச் சொல்றாங்க. தப்பு என்னோடதுங்க."

பழனியாத்தாள் ராசாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"அட கண்ணு, வேலக்காரன் செஞ்ச தப்பைத் தன் தலையில போட்டுக்கறதுக்கு எம்மாம் பெரிய மனசு வேணும்!" தம்பி பக்கம் திரும்பினாள். "இவ மொகத்துக்காக உன்னைய உடறேன். வா, உள்ள வந்து புள்ளையத் தூக்கு."

கவுண்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவின் காலில் விழாத குறை. சென்னிமலைகூட முகத்தை வேறு பக்கம் திருப்பாமல், தூங்கிய குழந்தையை எடுத்துத் தாய்மாமன் கையில் கொடுத்தான். ஊர்ப் பெண்கள் ராசாத்தாளைச் சுற்றிக்கொண்டு, இந்தக் காலத்தில் யாருக்கு இப்படி மனசு வரும் என்று வாய் ஓயாமல் பேசினார்கள். அவளுக்கு அங்கேயே மண்ணில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"அப்படீன்னா முத்தலிப்பை வேலையில வெச்சுக்கங்க" என்றாள் கணவனிடம்.

"எரக்கமெல்லாம் உன்னோட இருக்கட்டும். எனக்கு வேற டிரைவர் கெடைப்பான்."

பழனியாத்தாள் அவளைக் கையைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்காரவைத்தாள். தானே பக்கத்தில் உட்கார்ந்து நெய் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, என்ன தோன்றியதோ, சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் அம்மணி, எங்கிட்ட நெசத்தைச் சொல்லு. நீ இழுக்கலதானே?"

முத்தலிப் இன்னும் போகவில்லை. மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பந்தல் கால் ஓரம் நின்றிருந்தான். எதற்காக நிற்கிறான் என்று ராசாத்தாளுக்குப் புரியவில்லை. சம்பளம் கேட்கவா, ஒரு வாய் சோறு கேட்கவா, இல்லை அவள் இன்னொரு தடவை உண்மையைச் சொல்லுவாள் என்றா?

"இல்லீங்க நங்கையா" என்றாள் ராசாத்தாள் நாத்தனாரிடம். "சும்மாதான் சொன்னேன்."

அதைக் கேட்டதும் முத்தலிப் நிம்மதியாக மூச்சு விட்டான். இதற்காகத்தான் நின்றிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி, கோயமுத்தூர் ரோட்டில் நடந்தான்.