யார் அமுத்துனது

“சார்ஜுக்குத்தான் குத்துனேன்னு எத்தினி வாட்டி...”

“சார்ஜுக்குக் குத்துனா பாட்டு ஏன் போவுது? எழுபது பாட்டு. ஒண்ணொண்ணா நான் பொறுக்கி...”

“...சொல்றது? போனா போவுது, மறுபடியும் ஏத்து.”

“...ஏத்துனது. மறுபடியுமா? இதோட நாலாவது வாட்டிங்க.”

கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கலையரசி டைப் அடிக்கும் மேசைமேல் தீப்பெட்டி அளவு பாட்டு பிளேயர் ஒயரோடு கிடந்தது. எதிரே நின்றவன் அவள் புருஷன் தனசேகரன், மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு வேன் ஓட்டுகிறவன். மலை ஏறிவிட்டால் போனில் பாதி இடத்தில் டவர் இருக்காது. அதற்காகவே பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து அந்த பிளேயரை வாங்கிக் கொடுத்திருந்தாள். வாரம் ஒருநாள் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஏற்றி அனுப்புவாள். தான் கூட இல்லாத வண்டியில் தான் பொறுக்கிய பாட்டாவது இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு. அடுத்த வாரம் திரும்பி வரும்போது உள்ளே இருப்பது வேறு யாரோ பொறுக்கிய பாட்டு.

ஒயரைக் கம்ப்யூட்டரில் குத்தினாள். போன வாரங்களில் வந்த அதே கட்டம் திரையில் வந்து நின்றது.

“இன்னா சொல்லுது?”

“உங்க பிளேயரு வேற ஒரு கம்ப்யூட்டரோட சேந்துட்டுதாம். இதுல கீறதையெல்லாம் அழிச்சிட்டு என்னோட சேத்துக்கட்டுமான்னு கேக்குது.”

“ஆமான்னு அமுத்து.”

“எந்தக் கம்ப்யூட்டருன்னு பேரும் போட்டிருக்குது. படிக்கட்டா?”

அவன் வாசலில் நிறுத்திய வேனைத் திரும்பிப் பார்த்தான்.

“சங்கவி.”

மனு அடிக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாமியம்மாள் அதுவரை இருமிக்கொண்டிருந்தாள். இருமல் நின்றுவிட்டது.

“கரியாலூர்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்குதே, அந்தப் பொண்ணு,” என்றான் தனசேகரன். “மேல கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னே தெரியாது. அது கடையில பேட்டரி கீது. டிரைவருங்க எல்லாம் அங்கதான் சார்ஜு போடுவோம். பிளக்குல பூரா போன் மாட்டிகினு இருக்கும். அதான் இத மட்டும் கம்ப்யூட்டர்லயே குத்திடறது.”

“சார்ஜு ஏற எவ்ளோ நேரம் ஆவும்?”

“ரெண்டு மணி நேரம்.”

“அந்த ரெண்டு மணி நேரமும் நீங்க எங்க உக்காந்துகினு இருப்பீங்க?”

“டீக்கடையில.”

“டீக்கடை எங்க கீது?”

“அந்தக் கடைக்குப் பக்கத்துல.”

சாமியம்மாள் செருமினாள். “ஏம்மா, எம் மனுவ அடிச்சிக் குடுத்துட்டு சண்ட போடு. இல்ல, சண்டைய முடிச்சிட்டு அடி. எதையும் பாதியில வுடாத. எனக்கு நாலு மணிக்குத்தான் பஸ்ஸு.”

கலையரசி காதில் வாங்கவில்லை. பிளேயரில் இருந்ததைத் திறந்து பார்த்தாள். பாட்டெல்லாம் இரண்டு பட்டியலாகப் பிரிந்து கிடந்தது. ஒன்றுக்கு ‘ஏத்தம்’ என்று பேர், மற்றதற்கு ‘எறக்கம்’.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அந்த வேனில் மலை ஏறியதில்லை. ஏறுவதற்கு ஒரு பாட்டு, இறங்குவதற்கு ஒரு பாட்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்தவளுக்குத்தானே தோன்றும்.

“இது எப்பிடித் தெரியும் அவளுக்கு?”

“அது ஊரே மலைதானே. தெரியாதா?”

“சரிங்க. இந்தப் பொட்டி தானா எதையும் அழிக்காது. அழிக்கட்டுமான்னு கேக்கும், ஆமான்னாத்தான் அழிக்கும். நாலு வாட்டி கேட்டிருக்குது. நாலு வாட்டியும் யாரோ ஆமான்னு அமுத்தியிருக்காங்க. யார் அமுத்துனது?”

“நாந்தான்.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சங்கவி என்று சொல்லியிருந்தால் சங்கவியைத் திட்டியிருக்கலாம். நாக்கில் தயாராக வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனது.

“இங்கிலீசுல இன்னாமோ கட்டம் வரும். மொதல்ல கீறத அமுத்துனா போயிடும். அப்பத்தான் மத்த வேல நடக்கும். ஜனம் நின்னுகினு இருக்குமில்ல?”

“மவுசு மேசைக்கு அந்தாண்ட, அவ உக்கார்ற பக்கம் இருக்குமா, இந்தாண்டயா?”

“அந்தாண்ட.”

“நீ எந்தாண்ட இருந்த?”

நீங்க போய் நீ வந்துவிட்டது. அவனும் கவனித்தான்.

“அந்தப் பொண்ணு தண்ணி குடிக்க எழுந்து போயிருக்கும்.”

“நாலு வாட்டியுமா?”

“கம்ப்யூட்டர் கடைன்னா வெக்கைம்மா,” என்றாள் சாமியம்மாள். “தாகம் ஜாஸ்தியா எடுக்கும்.”

கலையரசி ஆமாவை அமுத்தினாள். ஏத்தமும் எறக்கமும் ஒரு நொடியில் போயின. அவளுடைய எழுபது பாட்டும் ஏறத் தொடங்கியது. குத்தியவுடனே கேட்கும் அந்த வழக்கத்தையும் பிளேயரில் நிறுத்தி வைத்தாள். மேசை டிராயரிலிருந்து ஒரு சார்ஜரை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

“இனிமே செவுத்துல குத்து. பிளக்கு காலியில்லன்னா காலியாவற வரைக்கும் வேன்லயே உக்காரு.”

“சரி.”

“டீக்கு பிளாஸ்க்கு தரேன்.”

“சரின்றேன்ல.”

ஏறி முடித்ததும் பிளேயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சாமியம்மாளிடம் திரும்பி, “சொல்லும்மா, சர்வே நம்பர் இன்னா?” என்றாள். கிழவி மடியிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். நாலு எழுத்து அடித்திருப்பாள். வாசலில் தனசேகரன் வேன் கண்ணாடியைத் துடைத்தபடி வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தான். கலையரசியின் விரல் நின்றது. அவள் ஏற்றிய எழுபதில் அந்தப் பாட்டு இல்லை. இரண்டாவது அடியையும் தப்பில்லாமல் பாடினான். கலையரசி வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

“அத அழிச்சாச்சே, இன்னும் எங்கேர்ந்துய்யா வருது?”