சிங்க மூஞ்சி யானை

திருப்பதியில அந்த ஆஸ்பத்திரி குழந்தைங்க வார்டு சுவரெல்லாம் படம் போட்டது நான்தான். போன வருஷத்து வேலை. கொம்பு வெச்ச குதிரை, மீன் வாலு மயிலு, றெக்கை கட்டின பசு, சிங்க மூஞ்சி யானை. பிள்ளைங்க பயப்படக் கூடாதுன்னாங்க, பல்லைக்கூட மழுங்கத்தான் வரைஞ்சேன். முடிச்சதும் எங்க ஊரு சத்தியவேட்டுக்கு பஸ் ஏறிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல.

இப்ப அந்த யானைக்குக் கீழ இருக்கிற கட்டில்ல என் பொண்ணு தேன்மொழி படுத்துக்கினு கீறா. எட்டு வயசு. இருதயத்துல ஓட்டை, நாளைக்குக் காத்தால ஆபரேஷன். கைக்குழந்தையோட அவ அம்மா ஊர்லயே நின்னுட்டா.

பக்கத்துக் கட்டில் பையனோட அம்மா சிவசங்கரி, கார்வேட்டிநகரத்துக்காரங்க. நாங்க வந்ததும் வராததுமா, "கொடுத்து வெச்ச பொண்ணுண்ணா. இந்தக் கட்டில்ல படுத்த பிள்ளைங்க எல்லாம் நல்லபடியா வீடு போய் சேர்ந்துச்சாம். யானைச்சாமி கைவிடாது"ன்னு சொல்லிக்கினே எட்டி அதோட துதிக்கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாங்க. பார்த்தா, துதிக்கையில பெயின்ட்டே தேஞ்சு போயிருக்குது. அத்தனை பேர் கை பட்டிருக்குது.

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. இருந்த பயத்துக்கு யார் மேலயாவது எரிஞ்சு விழணும் போல இருந்துது.

"சாமியாவது பூதமாவது! நான் வரைஞ்சதும்மா அது. யானைத் தலை கோணலா வந்துடுச்சு, துதிக்கையை மட்டும் விட்டுட்டு மேலயே சிங்க மூஞ்சியைப் போட்டு மூடினேன். வெறும் பெயின்ட்டு!"

அந்தம்மா மூஞ்சி சுண்டிப்போச்சு. "அப்டி சொல்லாதீங்கண்ணா"ன்னு அவங்க பையன் பக்கம் திரும்பிக்கினாங்க.

தேன்மொழி எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தா. "அப்ப அது ஒண்ணும் பண்ணாதா நைனா?"ன்னா.

என் வாயில சனி. "பண்ணும் கண்ணு, நைனா சும்மா சொன்னேன்"னு என்னென்னவோ உளறினேன். அவ நம்பல. சுவர் பக்கமே பார்க்காம படுத்துக்கினா.

காத்தால தள்ளுவண்டி வந்துது. "ஒருவாட்டி யானையைத் தொட்டுட்டுப் போடா கண்ணு"ன்னு கெஞ்சினேன். சாமி கும்பிடாத நானு, நானே வரைஞ்ச கோணல் யானைக்காகக் கெஞ்சறேன்.

அவ யோசிச்சா. அழக்கூட இல்ல. "அது வேணாம் நைனா. நீதானே அதை வரைஞ்சே? அப்ப நீதானே அதைவிடப் பெரியவன். நீ வா என்கூட"ன்னு என் விரலைக் கெட்டியா புடிச்சிக்கினா.

வண்டியோடவே நடந்தேன். ஆபரேஷன் தியேட்டர் கதவுகிட்ட நர்சம்மா என் நெஞ்சுல கையை வெச்சு நிறுத்திட்டாங்க. "இக்கடே உண்டண்டி, இங்கயே இருங்க. உள்ளே வரக்கூடாது."

"நைனா வருவாரு, நைனாவை விடுங்க"ன்னு தேன்மொழி சொல்றா. நர்சம்மா அவ விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தாங்க. கதவு சாத்திக்கினுது. உள்ளேயிருந்து "நைனா வா, நைனா வா"ன்னு கொஞ்ச நேரம் கேட்டுது. அப்புறம் அதுவும் கேக்கல.