மூணாவது கம்பி

தல்லாகுளத்தில் தன் வீட்டு மாடி அறையில் ஜெயபாண்டி கிடார் செய்கிறார். நான்கு மாதம் பாடுபட்டுச் செய்த கிடாரை வாங்க வந்த ஆரோன், வாசித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"அண்ணே, மூணாவது கம்பி லேசா இரையுது."

ஜெயபாண்டி வாங்கி மீட்டினார். அவருக்கு எந்த இரைச்சலும் கேட்கவில்லை. மரத்தில் காதை வைத்து மறுபடி மீட்டினார். "சரியாத்தான இருக்கு?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் கேக்குதுங்க. கொஞ்ச நாளாவே உங்களுக்குக் காது மந்தமா இருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு ஆரோன் கிளம்பினான்.

ஜெயபாண்டி கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கழுத்தில் குறுக்கே பதித்த ஒவ்வொரு பித்தளைக் கட்டையிலும் கம்பியை அழுத்தி மீட்டினார்.

"எந்த இடத்துல இரையுது, சொல்லு."

"இங்க. இல்ல, இதுக்கு முன்னாடி." அவளுக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

அவள் காட்டிய கட்டையை அரத்தால் லேசாகத் தேய்த்தார். மீட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இரைச்சல் கூடிருச்சுங்க," என்றாள்.

தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பிடுங்கிவிட்டுப் புதுக்கட்டை பதிக்கலாம். அது சரியாக உட்கார்ந்ததா என்பதையும் காதால்தான் பார்க்க வேண்டும். ஜெயபாண்டி அரத்தைக் கீழே வைத்துவிட்டு, அதே கம்பியைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருந்தார்.